உங்களுக்குத் தெரியுமா? வடக்கிலிருந்து வரும் உச்சிவெயில்

திருகோணமலையில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் விழுவது தெற்குச் சுவரில் அல்ல, வடக்குச் சுவரில்!

இந்தத் துறைமுக நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கேதான் இருக்கிறது. கச்சான் காற்று அனலாய் வீசும் அந்த மாதங்களில் சூரியன் அதையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆனாலும் நண்பகலில் உச்சியிலிருந்து 15 பாகைக்கு மேல் சாய்வதில்லை. ஆகவே கூரை 3 அடி வெளியே நீண்டாலே போதும், 10 அடிச் சுவர் முழுவதும் நிழலில் நிற்கும். சுவர் கொதிக்காவிட்டால் ஏசி குடிக்கும் மின்சாரமும் அதற்கான கரியமில வாயுவும் குறையும். காலை, மாலை வெயிலை இது தடுக்காது என்பது உண்மை. அதனால்தான் கிழக்கு, மேற்குச் சுவர்களைக் குறுக்கிக் கட்ட வேண்டும். நீண்ட கூரையைப் புயல் பிய்த்துவிடாதா? 2000 டிசம்பர் 26இல் அருகே புயல் கரையேறிய ஊரில் இது நியாயமான கேள்வி. அந்த 3 அடியை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனிக் கூரையாகப் போட்டால், அது பறந்தாலும் வீட்டுக் கூரையையும் பிடுங்கிக்கொண்டு போகாது.