சேட்டைக்கு மார்க் போடலாமா?

"வைத்தியரய்யா, ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கான். எல்.கே.ஜி. டீச்சர் தினம் ஒரு புகார் சொல்லுதாங்க. வல்லாரை லேகியம் ஏதாச்சும் தாங்களேன்!" சங்கரன்கோவில் வட்டாரத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. மருந்து இருக்கட்டும். முதலில், இது நோய்தானா?

நாலு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். அது ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால்தான் டாக்டர்கள் மதிப்பெண் பட்டியல் தருகிறார்கள். பரவலாக உள்ள ஒன்றில் 18 கேள்விகள். 9 கவனம் பற்றி, 9 துறுதுறுப்பும் அவசரமும் பற்றி. 'தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டானா?' என்பது போல இருக்கும். அபூர்வமாக என்றால் 0, சில நேரம் 1, அடிக்கடி 2, மிக அடிக்கடி 3.

அம்மா தனியாக, டீச்சர் தனியாக நிரப்ப வேண்டும். இரண்டு இடத்திலும், 6 மாதமாவது இதே நிலை இருந்தால்தான் கவலை. வீட்டில் மட்டும், பள்ளியில் மட்டும் என்றால் காரணத்தை அங்கே தேடுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையா? டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். டாக்டருக்கு அதுவும் ஒரு தகவல்தான்.

இன்றைய கோபத்தில் மார்க் போடாதீர்கள். ரெண்டாங்கிளாஸ் அக்காவோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வகுப்பில் பத்து மாதம் இளைய பிள்ளையும் இருக்கும். அது கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆடும்.

தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும். டைபாய்டா, மலேரியாவா என்று சொல்லாது. மார்க்கும் அப்படித்தான். காது மந்தம், மூக்கடைப்பால் கெடும் தூக்கம், இரும்புச்சத்துக் குறைவு, பேச்சுத் தாமதம் இவையும் பிள்ளையை இப்படிக் காட்டும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது சொல்லுங்கள். தேவையென்றால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். செலவில்லை.

கோளாறு உறுதியானாலும் பயம் வேண்டாம். 4, 5 வயதில் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-லும் 2019-லும் இதையே சொன்னது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். செய்ததும் உடனே பாராட்டுங்கள். தூங்கும் நேரத்தை மாற்றாதீர்கள்.

வல்லாரையா? துவையலாக அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரை. அதையே மருந்தாக நம்பி வருஷத்தைக் கடத்திவிட்டால், பள்ளிக்கூடம் போகுமுன்பே 'அடங்காப்பிடாரி' என்ற பட்டம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேர் வருமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.