சேமிப்புத் தட்டுகளின் விலாசமும் டிரைவர் அடுக்குகளும்

மாதுங்காவிலிருந்து செம்பூருக்குக் கடிதம் எழுதுகிறவர் உறையின்மீது 400071 என்று குறிக்கிறார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் வழங்கிவரும் இந்த ஆறு இலக்கங்களுள் முதல் மூன்றும் சேர்ந்து மும்பையையும், எஞ்சியவை பட்டுவாடா செய்யும் தபாலாபீசையும் சுட்டும். கடிதம் ரயிலில் செல்கிறதா, சைக்கிளில் செல்கிறதா என்பதை எழுதியவர் அறிய வேண்டுவதில்லை. கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதேயாகும்.

ஆதியில் இவ்வளவு சிக்கல் இருக்கவில்லை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960இல் பணி தொடங்கிய டிஃப்ராக் யந்திரத்தின் நினைவகத்தில், 40 பிட் கொண்ட சொற்கள் 2048 இருந்தன. அவற்றுள் எதையும் சுட்டுவதற்கு 11 பிட் போதும். இன்றோ ஒரே யந்திரத்தில் பல தட்டுகள். ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான கட்டங்கள்.

ஆகவே, லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் ஸ்கஸி வகைச் சாதனங்களை ஆளும் டிரைவர்கள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. மேலடுக்கு, எதிரிலிருப்பது தட்டா, நாடாவா, குறுந்தகடா என்பதை அறியும். அடியடுக்கு, குறிப்பிட்ட இணைப்பு அட்டை ஒன்றின் வழக்கை மட்டுமே அறியும். நடு அடுக்கு ஆணைகளை இரண்டிற்குமிடையே கொண்டு சென்று, தவறியவற்றை மீண்டும் அனுப்பும். சாதனத்தின் விலாசம் நான்கு எண்களாலானது: இணைப்பு அட்டை, அதன் வழித்தடம், தடத்திலுள்ள சாதனம், சாதனத்தின் உட்பிரிவு. தட்டினுள்ளே கட்டங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். இவ்வெண்ணுக்கு 28 பிட் மட்டும் ஒதுக்கிய பழைய ஏ.டி.ஏ. முறையில், 512 பைட் கட்டங்களைக் கொண்டு சுமார் 137 கிகாபைட்டுக்கு மேல் எட்ட இயலவில்லை. பின்னர் அது 48 பிட்டாக உயர்த்தப்பட்டது.

ஆனால், மேலடுக்கு தட்டுகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி முதலிய பெயர்கள் கண்டறியப்பட்ட வரிசையைப் பொறுத்தவை. காலையில் எந்த வீட்டுக் கதவு முதலில் திறக்கிறதோ அதற்கே 1 என்று இலக்கமிடும் தெருவை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்! யந்திரத்தை மறுபடி இயக்குகையில் பெயர்கள் இடம் மாறிவிடக்கூடும். அதனை அறியாது பழைய பெயரைக் கொண்டு அழிக்கும் ஆணையிட்டால், பிரதிகள் வைத்திருந்த தட்டே அழிந்துபோகும். கீழடுக்குகள் ஆணையைப் பழுதின்றி நிறைவேற்றுமேயன்றி, இட்டவரின் கருத்தை அறியா.

இதன் பொருட்டே, தட்டிலுள்ள கோப்பு அமைப்பினுள் 128 பிட் அடையாள எண்ணொன்று பதியப்பட்டு, அதனைக் கொண்டு தட்டு இனங்காணப்படுகிறது. எனினும், ஒரு தட்டை முழுமையாக நகலெடுத்தால் அவ்வெண்ணும் உடன் நகலாகிவிடும். இரண்டையும் ஒரே யந்திரத்தில் பொருத்துமுன் நகலின் எண்ணை மாற்றிவிடுதல் வேண்டும்.