'டேஸீ' ஸோம்பி விளையாட்டு: முதல் நாள் உயிர் தப்ப புதியவர்களுக்குச் சில யோசனைகள்

ஜார்ஜ்டவுன் - பப்ஜி விளையாடிப் பழகியவர்கள் கணினியில் 'டேஸீ' விளையாட்டைத் தொடங்கினால், முதல் மாலையிலேயே நாலைந்து முறை இறந்து போவது சகஜம். பப்ஜியில் சுடத் தெரிந்தால் போதும். டேஸீயில் துப்பாக்கியைத் தேடி ஓடுபவர்தான் முதலில் விழுவார். இங்கே புதியவர்களைக் கொல்வது பெரும்பாலும் ஸோம்பி அல்ல. தாகமும் குளிரும் அழுக்குத் தண்ணீரும், எதிரே வரும் இன்னொரு மனிதனும்தான்.

இந்த விளையாட்டின் கதை நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. நியூசிலாந்து ராணுவ அதிகாரியாக இருந்த டீன் ஹால், சிங்கப்பூர் ராணுவத்துடனான பரிமாற்றத் திட்டத்தின்போது புருணையில் உயிர்பிழைக்கும் பயிற்சியில் ஈடுபட்டார். அதில் உடல்நிலை மோசமாகி அறுவை சிகிச்சை வரை போனது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த யோசனையை, 2012இல் 'ஆர்மா 2' என்ற போர் விளையாட்டின் மேல் ஓர் இலவச இணைப்பாக வெளியிட்டார். செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் அதைத் தனி விளையாட்டாக உருவாக்கி, 2018 டிசம்பரில் முழுமையாக வெளியிட்டது. பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீனும் இந்த டேஸீயை மாற்றியமைத்துத்தான் தம் பயணத்தைத் தொடங்கினார்.

கதை நடக்கும் 'செர்னாருஸ்' ஒரு கற்பனை நாடு. அதன் பரப்பு சுமார் 225 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் ஏறக்குறைய முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பல பத்து ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் நடமாடுவார்கள். இறந்தால் கையிலிருந்த எல்லாம் போய்விடும். மறுபடியும் வெறுங்கையோடு கடற்கரையில்தான் எழ வேண்டும்.

திசை தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கத்தில் கையில் வரைபடம் இருக்காது. செர்னாருஸின் கிழக்கிலும் தெற்கிலும் கடல். சூரியன் கிழக்கில்தான் உதிக்கும். கிழக்குக் கடற்கரையில் கடலை வலப்பக்கம் வைத்து நடந்தால் வடக்கே போகிறீர்கள் என்று பொருள். சாலையோரப் பெயர்ப்பலகைகள் ரஷ்ய எழுத்தில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை வைத்து ஊர்ப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இருக்கும் இடம் புரிந்துவிடும்.

முதலில் கத்தி, அப்புறம் தண்ணீர்

முதல் பத்து நிமிடத்தில் தேட வேண்டியது கத்தி. வீட்டுச் சமையலறைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் சிறு கற்களைக் கொண்டு கல்கத்தி செய்யலாம். கத்தி இருந்தால் கோழியை உரிக்கலாம், தகர டின்னைத் திறக்கலாம், மரப்பட்டை சீவித் தீ மூட்டவும் வழி உண்டு.

அடுத்தது தண்ணீர். ஊர்களில் இருக்கும் அடிபம்புகளில் குடிக்கலாம். குளத்திலும் ஓடையிலும் அப்படியே குடித்தால் காலரா வரும். அந்தத் தண்ணீர்தான் கதி என்றால் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்கு மக்களுக்கு இந்த விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்

கோழியை உரித்த கையில் ரத்தம் இருக்கும். அந்தக் கையோடு சாப்பிட்டால் வயிற்று நோய் வந்து, வாந்தியில் உண்டதெல்லாம் வெளியேறும். பம்பிலோ ஓடையிலோ கை கழுவிவிட்டுத்தான் உணவைத் தொட வேண்டும். பசிக்கிறதே என்று ஒரே மூச்சில் அளவுக்கு மீறித் தின்றாலும் வாந்திதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே நல்லது.

நனையாதீர்கள்

நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. செர்னாருஸ் குளிர் நாடு. மழையில் நனைந்த உடையோடு நடந்தால் உடல் சூடு இறங்கும், காய்ச்சல் வரும், சூட்டைக் காக்க உடல் போராடுவதால் பசியும் கூடும். நனைந்தால் உடைகளைக் கழற்றிப் பிழிந்து, தீ மூட்டிக் காய வையுங்கள். கடலில் நீந்திக் குறுக்கு வழி பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஸோம்பியிடம் வீரம் காட்ட வேண்டாம்

ஸோம்பிகள் சத்தத்துக்கும் பார்வைக்கும் வரும். ஓடினால் கேட்கும், சுட்டால் ஊரே திரண்டு வரும். ஊருக்குள் குனிந்து நடப்பதே பாதுகாப்பு. துரத்தினால் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். அவற்றுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. அடிபட்டு ரத்தம் வடிந்தால் உடனே கட்டுப் போட வேண்டும். கட்டுத்துணி இல்லையென்றால் சட்டையைக் கிழித்துக் கட்டலாம். அழுக்குத் துணி புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் என்பதால் கிருமிநாசினி கிடைத்தால் விடாதீர்கள்.

ரத்தம் ஏற்றுவதிலும் கவனம் தேவை. நிஜத்தைப் போலவே இங்கும் ரத்த வகை உண்டு. பொருந்தாத ரத்தத்தை நண்பனுக்கு ஏற்றினால் அவர் இறந்து போகலாம். பரிசோதனை செய்யாமல் ஏற்றக்கூடாது.

மனிதர்களை நம்புவதா?

டேஸீயில் எதிரே வருபவர் உணவும் தரலாம், கைவிலங்கும் மாட்டலாம். ஒலிவாங்கி மூலம் நேருக்கு நேர் பேச முடியும். மறைவில் நின்று முதலில் குரல் கொடுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். வடமேற்கில் இருக்கும் விமானத் தளமும் ராணுவ முகாம்களும் துப்பாக்கிக்காரர்கள் கூடும் இடம். புதியவர்கள் முதல் சில வாரம் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே மேல். நண்பர்களோடு சேர்ந்து ஆடினால், எந்த ஊரில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு மூலையில்தான் எழுவீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இது நிறுத்தி வைக்க முடியாத விளையாட்டு. "சாப்பிட வா" என்று கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியே எழுந்து போனால் பாத்திரம் அங்கேயே நிற்கும், யாராவது வந்து கொன்றுவிடுவார்கள். பாதுகாப்பான இடம் தேடி முறைப்படி வெளியேறச் சில நிமிடம் தேவை. "பத்து நிமிடத்தில் முடி" என்று முன்கூட்டியே சொன்னால் வீட்டில் சண்டை குறையும். பிள்ளைகளும் அந்தப் பத்து நிமிடத்தை மதிக்க வேண்டும். காட்டுக்குள் புதர் மறைவில் நின்று வெளியேறுவதே நல்லது. பாத்திரம் மறுநாளும் அங்கேயே இருக்கும்.

ரத்தமும் வன்முறையும் நிறைந்த இது பெரியவர்களுக்கான விளையாட்டு. முன்பின் தெரியாதவர்களின் பேச்சையும் கேட்க நேரும். ஆரம்பப்பள்ளி, கீழ்ப்படிவ மாணவர்களுக்கு இது ஏற்றதல்ல.

பணம் போகும் வழிகள்

டேஸீ விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு. 'ஸ்டீம்' கடையில் அவ்வப்போது தள்ளுபடி வரும், அவசரப்பட வேண்டாம். பழைய கணினி வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் தேவையான கணினித் தகுதியைச் சரிபார்க்க வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்திலேயே கணினி தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். தோட்டப்புறங்களில் இணைய வேகம் ஏறி இறங்கும் என்பதால், பட்டியலில் 'பிங்' எண் குறைவாக இருக்கும் சர்வரையே தேர்ந்தெடுங்கள்.

விளையாட்டுக்குள் நண்பரானவர் "இலவசப் பரிசு" என்று இணைப்பு அனுப்பினால் அதில் கடவுச்சொல்லைப் போடாதீர்கள். ஸ்டீம் கணக்குக்கு 'ஸ்டீம் கார்ட்' பாதுகாப்பை இயக்கி வையுங்கள். துப்பாக்கி, வாகனம் தருகிறேன் என்று வெள்ளி கேட்பவர்களை நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கோ, 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணுக்கோ அழைக்க வேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து ஒரு நாள் மறைத்தால், பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் போய்விடும்.

முதல் வாரத்தில் யாரையும் வீழ்த்த வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். ஒரு பகலும் ஓர் இரவும் உயிரோடு இருந்தால் அதுவே வெற்றி. வயிறு நிறைந்து, உடை காய்ந்து, கையில் கத்தியோடு இருப்பவருக்குத் துப்பாக்கி தானாகவே ஒருநாள் கிடைக்கும்.