டெல்டாவுக்கு சட்டக் காவல் வந்தாச்சு. நெல்லுக்கு கூரை எப்போ?

காவிரி டெல்டாவில் இனி புதிய எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது. ஆனால் அறுத்த நெல்லை நனையாமல் வைக்க பல ஊர்களில் இன்னும் இடம் இல்லை!

சட்டம் என்ன சொல்லுது?

'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம்' 2020 பிப்ரவரி 20-ந்தேதி தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தஞ்சை, திருவாரூர், அப்போதைய நாகை மாவட்டங்கள் முழுக்க இதில் அடக்கம். கடலூர், புதுக்கோட்டையில் தலா 5 ஒன்றியங்கள்.

எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்கக் கூடாது. தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் எதுவும் புதிதாக வரக்கூடாது. ஏற்கனவே ஓடும் கிணறுகளுக்கு தடை இல்லை.

பாதி வேலைதான்!

கெட்டதைத் தடுத்தாச்சு. நல்லது வளரணுமே?

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். மழையும் அப்போதுதான் கொட்டும். ஈரம் 17 சதவீதத்தை தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். மத்திய அரசு தளர்த்தினால்தான் உண்டு. களம் இல்லாதவர்கள் ரோட்டில் காயப் போடுகிறார்கள். மழை பிடித்தால் நெல்லு முளைச்சுப் போகும்.

போட்ட முதல் போனால் நிலத்தை விற்கத்தான் தோன்றும். தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை!

ரேஷன் கடை வரை...

இது தஞ்சாவூர்க்காரர் கவலை மட்டும் அல்ல. நகரத்து ரேஷன் கடை அரிசியில் அந்த வயல் நெல்லும் இருக்கிறது. உலர்த்தும் எந்திரம், கிடங்கு, பக்கத்திலேயே அரவை ஆலை - இவை வந்தால்தான் சட்டத்தின் பெயரில் உள்ள 'மேம்பாடு' வயலுக்கு வந்து சேரும்.