வென்டிலேட்டர் வைப்பதற்கு முன்னால்

“வென்டிலேட்டர் வெச்சாங்க, அதோட முடிஞ்சிடுச்சி.” 2021 கோடையின் கொரோனா அலையைப் பற்றி வாலாஜாபாத் டீக்கடையில் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர். அவரோடு வாதாட முடியாது, வாதாடவும் கூடாது. ஆனால் பொறுமையாக விளக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நோயின்போது இதே பயத்தில் இன்னொரு குடும்பம் வென்டிலேட்டருக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிடும். உட்காருங்கள், இன்னொரு டீ சொல்வோம்.

கொரோனா முற்றியவர்களுக்கு நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு உள்ளே போனாலும் ஆக்சிஜன் ரத்தத்தில் சேரவில்லை. விரலில் மாட்டும் கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 90க்கும் கீழே என்றால் நிலைமை தீவிரம். 85 காட்டும்போதுகூடச் சிலர் நன்றாகப் பேசினார்கள். “ஆளு தெம்பாத்தானே இருக்காரு” என்று வீட்டிலேயே வைத்திருந்து தாமதமானவர்கள் பலர்.

ஆஸ்பத்திரியில் எடுத்தவுடன் வென்டிலேட்டர் இல்லை. முதலில் மூக்குக் குழாய், அடுத்து பை வைத்த மாஸ்க், பிறகு ஆக்சிஜனை அதிக வேகத்தில் செலுத்தும் ‘ஹை ஃப்ளோ’ கருவி. கூடவே குப்புறப் படுக்க வைப்பார்கள். செலவே இல்லாத இந்த வைத்தியத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் விரிந்துகொடுக்கும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. மாஸ்க் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் எடுக்கும். ஹை ஃப்ளோ முழு வேகத்தில் 60 லிட்டர் வரை எடுக்கும். ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர்தான் இருக்கும். ஒரே நோயாளிக்குப் பன்னிரண்டு சிலிண்டர். ஒருவருக்கு ஹை ஃப்ளோ கொடுப்பதா, அதே ஆக்சிஜனில் நான்கு பேருக்கு மாஸ்க் கொடுப்பதா? தட்டுப்பாட்டு நாளில் டாக்டர் எடுக்க வேண்டியிருந்த முடிவு இதுதான்.

நம் ஊருக்குக் கிழக்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021 மே 4 இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததாகச் செய்தி வந்தது. தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 டன் ஆக்சிஜன் வெளிமாநிலங்களுக்குத் திருப்பிவிடப்பட்டதை எதிர்த்து அப்போதைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். வார்டில் எடுக்கும் முடிவின் பாதி, வார்டுக்கு வெளியே யாரோ எடுத்ததாக இருக்கிறது.

அடுத்தது மருந்து. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் ஊசிக்காக வெயிலில் நின்ற கூட்டத்தை மறக்க முடியுமா? உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வில் அதனால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. பிளாஸ்மா சிகிச்சையையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2021 மே மாதம் கைவிட்டது. உண்மையில் உயிர் காத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. ஆனால் அது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டுமே பலன் தந்தது. காய்ச்சல் வந்த அன்றே போட்டால் பயனில்லை, சர்க்கரை எகிறும், கறுப்புப் பூஞ்சைக்கும் வழி திறக்கும். “அந்த ஊசி போட மாட்டேங்கறாங்களே” என்று குறைப்பட்டோம். ஒரு மருந்தைப் போடாமல் இருப்பதும் வைத்தியம்தான்.

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தாது. அது நுரையீரல் தேறும்வரை அவகாசம் தருகிறது. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுகிறது, கழுத்துத் தசை இழுத்துக்கொள்கிறது, ஆள் மயங்கத் தொடங்குகிறார் என்றால் இனி அவரால் வெகுநேரம் தானாக மூச்சு விட முடியாது. அப்போதுதான் மயக்க மருந்து கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாய் செருகுகிறார்கள். அவசரப்பட்டு வைத்தால் தொற்றும் நுரையீரல் காயமும் வரலாம். தள்ளிப்போட்டால் உடம்பு ஓய்ந்துவிடும். அந்தக் கட்டம்வரை போனவர்கள் மிகவும் மோசமாக இருந்தவர்கள். அதனால்தான் அவர்களில் இறந்தவர்கள் அதிகம்.

வென்டிலேட்டர் படுக்கை ஒன்று, ஆள் இரண்டு என்றால் யாருக்கு? வயதை மட்டும் பார்ப்பது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். பிழைக்கும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும். அந்த முடிவை நள்ளிரவு டியூட்டியில் இருக்கும் ஒரு இளம் டாக்டர் தலையில் கட்டக் கூடாது. விதிமுறையை நோய் இல்லாத காலத்திலேயே எழுதி, மக்களுக்குத் தெரியும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்கள் தெளிவாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “குழாய் போடற நிலைமை வந்தா உங்களுக்கு என்ன விருப்பம்பா?” அதை முன்கூட்டியே எழுதிவைக்க 2018லேயே உச்ச நீதிமன்றம் வழி செய்தது; 2023ல் அந்த நடைமுறையை எளிதாக்கியும் விட்டது.