அடுப்படி யாருடைய தீர்மானம்?

வீடு கட்டத் தொடங்கினால் நாங்கள் அதிகம் பேசுவது வீட்டின் முன்பக்கத்தைப் பற்றித்தான். விறாந்தைக்கு எப்படிப்பட்ட தூண், யன்னலுக்கு என்ன கிறில், மண்டபத்துக்கு என்ன நிற மாபிள் என்று வீட்டிலுள்ளவர்களும் வெளிநாட்டிலுள்ள உறவுகளும் கூடி ஆராய்வார்கள். குசினி என்று வந்ததும் "அதைக் கடைசியிலை பாப்பம்" என்று பேச்சு முடிந்துவிடும். அடுப்பு எங்கே அமைய வேண்டும், எந்த உயரத்தில், எந்தப் பொருளால் என்பதை மேசனே தீர்மானித்துவிடுகிறார். நாள்தோறும் பல மணித்தியாலங்கள் அந்த அடுப்பின் முன் நிற்கப்போகும் பெண்ணிடம் எவரும் கேட்பதில்லை.

சமூகப் பணிக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிராமங்களுக்கும் போய்வருகிறேன். புதிய வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி ஒன்று உண்டு. உள்ளே மாபிள் பதித்த அழகிய குசினி. பின்வளவில் ஓலையோ தகரமோ போட்ட ஒரு கொட்டில். அங்கே மூன்று கல், புகை, இருமல். சமையல் நடப்பது கொட்டிலில்தான். "உள்ளுக்கை விறகு வைச்சால் மாபிள் கறுத்துப்போம் பிள்ளை, வெடிச்சும் போம்" என்றார் ஒரு தாய். பார்வைக்கு ஒரு குசினி, பாவனைக்கு ஒரு குசினி. வீட்டுக்காகச் செலவழித்த இலட்சங்களில் அவர் மூச்சு விடும் இடத்துக்கு ஒரு சதமும் போய்ச் சேரவில்லை.

"இனி ஆர் விறகு எரிக்கிறது? காஸ் இருக்குத்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். 2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாவாக ஏறியது. காசு இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. காஸை நம்பி அடுப்பை இடித்தவர்கள் முற்றத்தில் கல் அடுக்கிச் சமைத்தார்கள். ஆகவே வீட்டுக்குள் நல்லதொரு விறகடுப்பு இருப்பது பழைமைவாதம் அல்ல. அது குடும்பத்தின் பாதுகாப்பு.

புகை சிறிய விடயமல்ல

விறகு, கரி போன்றவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் புகை காரணமாக 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்படியில் தாய்க்குப் பக்கத்தில் இருப்பது குழந்தைதானே. நெஞ்சுச்சளி, மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் இந்தப் புகைக்கும் தொடர்புண்டு. "எனக்கு வருத்தமில்லை, புகை பழகிப்போச்சு" என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். பழகிப்போவது மனம் மட்டுமே. நுரையீரல் பழகுவதில்லை.

முன்னோரின் அடுப்படி

பழைய யாழ்ப்பாணத்து வளவுகளில் குசினி தனிக் கட்டடமாக இருந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை, களிமண் அடுப்பு. சாணத்தால் மெழுகுவார்கள். அடுப்புக்கு மேலே பறண் கட்டி மாரிக்கு வேண்டிய விறகை உலர வைப்பார்கள். பொச்சுமட்டை, சிரட்டை, ஊமல், காய்ந்த பனம்மட்டை எல்லாம் எரிபொருள்.

அந்த அடுப்படியிலும் புகை இருந்தது. பெண் குனிந்திருந்தே வேலை செய்தாள். அது பொற்காலமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நெருப்புப் படும் இடத்தில் மண்ணையே வைத்தார்கள். வெடித்தால் அன்றைக்கே பூசித் திருத்த அந்த வீட்டுப் பெண்ணுக்கே தெரிந்திருந்தது. இன்றைய அடுப்பு வெடித்தால் மேசனைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நெருப்புக்கு எவ்வளவு கிட்ட?

அடுப்பைச் சுற்றி என்ன பொருளால் கட்டுவது என்பதற்கு இலகுவான ஒரு வழி உண்டு. அந்தப் பொருள் நெருப்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கப்போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அழகை அதன் பிறகு பார்க்கலாம்.

நெருப்புத் தொடும் இடம்: இங்கே ஏற்றவை சுட்ட செங்கல்லும் களிமண்ணும்தான். செங்கல் ஏற்கனவே சூளையில் வெந்து வந்தது. அடுப்பின் சூட்டைத் தாங்கும். கல்லை ஒட்டுவதற்கும் சீமெந்துச் சாந்து வேண்டாம். வயல் களிமண் அல்லது புற்றுமண்ணுடன் மணலும் உமியும் கலந்த மண்சாந்தே நல்லது. நிழலில் மெதுவாகக் காயவிட்டு, வெடிப்புகளை மீண்டும் பூசி, முதல் சில நாட்கள் சிறு நெருப்பு மட்டும் வைக்க வேண்டும்.

சீமெந்து ஏன் கூடாது? ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் அது பலமிழக்கத் தொடங்கும். விறகுத் தணலின் சூடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் புதிதாகப் பூசிய அடுப்புமேடை சில மாதங்களில் பொருக்குப் பொருக்காகக் கழருகிறது. சீமெந்துக் கல்லினுள் ஈரம் இருந்தால் அது வெடித்துச் சிதறவும் கூடும்.

எங்கள் மண்ணின் சுண்ணக்கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. மதில், கிணறு, அத்திவாரம் எல்லாவற்றுக்கும் அதுவே கைகொடுத்தது. 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் அதுவே மூலப்பொருள். ஆனால் அடுப்புக்குள் அது ஆகாது. சூளையில் 900 பாகையளவில் சுட்டு, தண்ணீர் தெளித்தால் அந்தக் கல் நீறாகிவிடும் என்பது எமக்குத் தெரிந்த விடயம். அடுப்புக்குள் வைத்த சுண்ணக்கல்லுக்கும் மெல்ல மெல்ல அதுவே நடக்கிறது. சோறு பொங்கிக் கஞ்சி வழியும்போது சூடான கல் வெடித்து உதிரும். கருங்கல்லிலும் கவனம் வேண்டும். அதிலுள்ள படிகத் துணிக்கைகள் 573 பாகையில் திடீரென விரிவதால் கல் பிளக்கலாம்.

ஒரு சாண் தள்ளி: அடுப்பின் வெளிச்சுவர், பக்கச் சுவர் ஆகியவற்றைச் செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து அல்லது மண் பூசலாம். சீமெந்து பூசுவதானால் உள் அடுப்புக்கும் வெளிச்சுவருக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, அதை உமிச்சாம்பலால் நிரப்பினால் சூடு வெளியே கடத்தப்படுவது குறையும்.

அதற்கும் வெளியே: மேடையின் முன்முகம், பக்கத்துச் சுவர் ஆகிய இடங்களில் மாபிள் பதிக்கலாம். துடைக்க இலகு, எண்ணெய் பிடிக்காது, வெளிர் நிறமானால் குசினிக்கு வெளிச்சமும் தரும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்தை மினுக்கி விடலாம். அதுவும் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. பார்க்கவும் இலட்சணமாக இருக்கும்.

ஒருபோதும் வேண்டாதது: பழைய அஸ்பெஸ்ரோஸ் சீற். போருக்குப் பின் வளவுகளில் கிடந்த உடைந்த சீற்றுகளை அடுப்புக்கு மறைப்பாக வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். எல்லா வகை அஸ்பெஸ்ரோசும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகியுள்ளது. சூட்டில் அது வெடித்துச் சிதறும். வெட்டும்போதும் உடைக்கும்போதும் வரும் தூசு இன்னும் கூடாது. மறைப்பு வேண்டுமானால் ஓர் இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பொருத்துங்கள். இடையில் ஓடும் காற்றே சுவரைக் காக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் படங்கள்

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவுகளின் வீடுகளில் குளிர்காய்வதற்கென்று சுவரில் நெருப்பிடம் இருக்கும். அதைச் சுற்றிப் பளிங்கும், மேலே படங்கள் வைக்க ஒரு தட்டும் அழகாக அமைத்திருப்பார்கள். எங்கள் நாட்டில் நுவரெலியாவின் பழைய பங்களாக்களிலும் அத்தகைய நெருப்பிடங்கள் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு "எங்கடை அடுப்பையும் இப்பிடிக் கட்டுவம்" என்று அண்ணாவோ தம்பியோ சொன்னால், ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பளிங்கு நெருப்பைத் தொடுவதில்லை. உள்ளே நெருப்புச் செங்கல்லோ இரும்போ இருக்கிறது. பல வீடுகளில் இப்போது எரிவது காஸ். கண்ணாடிக்குப் பின்னால் அடங்கியிருக்கிறது. மரத்தட்டு நெருப்பு வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதிகள் உண்டு. அங்கும் புகையின் கொடுமையை அனுபவித்தே திருந்தினார்கள். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நிலக்கரிப் புகையில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகுதான், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது புகையை வெளியேற்றும் முறை. ரம்ஃபோர்ட் என்னும் அறிஞர் 1796இல் நெருப்பிடங்களைப் பற்றி எழுதினார். குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரிவாக்கி, புகை ஏறும் கழுத்தை ஒடுக்கினால் புகை அறைக்குள் திரும்பாது, சூடும் கூடும் என்று காட்டினார். எங்கள் புகைக்கூட்டுக்கும் இது பொருந்தும்.

உயரமும் புகைக்கூடும்

காஸ் அடுப்புக்கு ஏற்ற மேடை ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரம். அதே மேடையில் விறகடுப்பை வைத்தால் என்ன நடக்கும்? அடுப்பு முக்கால் அடி, பானை முக்கால் அடி. பானையின் வாய் நெஞ்சுக்கு மேலே வந்துவிடும். துழாவக் கையை உயர்த்த வேண்டும். ஆவியும் புகையும் நேரே முகத்தில் அடிக்கும். "நான் கட்டை எண்டது மேசனுக்குக் கண்ணாலை தெரியும். ஆனால் அளந்து பாக்கேல்லை" என்று ஒரு சகோதரி சொன்னது இதைத்தான்.

சமைப்பவர் நேரே நின்று முழங்கையை மடிக்கட்டும். பானையின் வாய் அந்த முழங்கை உயரத்துக்கு மேலே போகக்கூடாது. ஐந்தடி உயரமான பெண்ணுக்கு விறகடுப்பின் மேடை ஒன்றரை அடி முதல் ஒன்றே முக்கால் அடி வரை இருந்தால் போதும். காஸ் மேடையை அதற்குப் பக்கத்தில் உயர்த்திக் கட்டலாம். குசினி முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை.

புகைக்கூட்டின் விளிம்பு அடுப்பை முழுவதும் மூடி, சற்று முன்னுக்கு வர வேண்டும். உட்குழாயின் அளவு, முன்வாயின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. மூன்றடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட வாய்க்கு ஒன்பது அங்குலச் சதுரக் குழாய் வேண்டும். குழாயின் தலை கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் சோழகக் காற்றுக் காலத்திலோ வாடைக்காற்றுக் காலத்திலோ புகை வந்த வழியே திரும்பும். குசினியைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைப்பது எமது வழக்கம். அப்படி வைத்தால் வடகிழக்கிலிருந்து வீசும் மாரிக்காற்று புகையை வீட்டுக்குள் தள்ளும் என்பதையும் நினைத்துக் குழாயை உயர்த்த வேண்டும். புகை மேலே போகக் கீழிருந்து காற்று வர வேண்டும். ஆகவே யன்னலை அடைக்காதீர்கள். குழாயில் படியும் கரியை அவ்வப்போது சுரண்டுவதற்கு ஒரு திறப்பும் விடச் சொல்லுங்கள்.

காசு குறைவாக இருந்தால்

பெரிய வேலைகளுக்கு வசதியில்லாத சகோதரிகள் அனகி அடுப்பைப் பற்றி அறிந்திருப்பீர்கள். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்டது. ஒரே துண்டாகச் சுட்ட களிமண் அடுப்பு. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைகள் கொதிக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகு மிச்சம், புகையும் குறைவு. அதை மேடையில் வைத்துச் சுற்றிவர மண்சாந்து பூசிவிட்டால் நீண்ட நாள் உழைக்கும், பிள்ளைகளின் கையும் சுடாது. மேலே புகைக்கூடும் இருந்தால் அதுவே நல்லதோர் அடுப்படி. முன்முகத்துக்கு மாபிள் பதிப்பது பின்னர் காசு வரும்போது ஆகட்டும்.

மேசன் வருமுன்

இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்கு வழி செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றுக்குத் தலா 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டும் முறை அது. ஆனால் "வீட்டுக்காரர்" என்றால் யார் என்ற கேள்வியை எந்தத் திட்டமும் வீட்டுக்குள் வந்து கேட்காது. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும். கணவரோ சகோதரரோ மேசனோடு பேசும்போது நீங்களும் பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்:

1. நெருப்புப் படும் இடத்தில் என்ன பொருள் வரும்? சாந்து எது?

2. மேடையின் உயரத்தை என் முழங்கைக்கு அளந்தாயிற்றா?

3. புகைக்குழாய் முகட்டுக்கு மேலே எவ்வளவு உயரும்? எப்படித் துப்புரவு செய்வது?

4. விறகு வைக்கும் தட்டும் அலுமாரியும் நெருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும்?

5. வெடித்தால் நானே திருத்திக்கொள்ள முடியுமா?

குடும்பத்துக்குத் தலைமை தாங்கும் பெண்கள் எங்கள் பகுதியில் பலர் இருக்கிறார்கள். வீட்டுக் கடனும் அவர்களின் பெயரில்தான். அவர்களிடம்கூட "உங்களுக்கு இதெல்லாம் விளங்காதக்கா" என்று சொல்லும் மேசன்மாரைக் கண்டிருக்கிறேன். விளங்கும். முப்பது வருடம் நெருப்போடு பழகியவருக்கு எந்தக் கல் வெடிக்கும், எந்தப் பக்கம் புகை திரும்பும் என்பது மற்ற எவரையும்விட நன்றாக விளங்கும்.

அழகான அடுப்படி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீட்டில் நாம் அதிக நேரம் நிற்கும் இடம் அழகாகத்தான் இருக்க வேண்டும். அந்த அழகைத் தெரிவு செய்பவர், நாளைக்கு அதன் முன் நின்று சமைப்பவராக இருக்கட்டும். வீட்டுப் படம் வரைந்து முடிவதற்குள், மேசன் கரண்டி எடுப்பதற்குள், வாயைத் திறந்து சொல்லுங்கள் சகோதரிகளே.