ஷாக் டார்ச் வாங்கலாமா?

கோவை சரவணம்பட்டி ஐ.டி. பூங்காக்களில் இரவு ஷிஃப்ட் முடித்துச் சத்தி ரோட்டில் விடுதிக்குத் திரும்பும் பெண்கள் ஏராளம். 2025 நவம்பரில் கோவை விமான நிலையத்துக்கு அருகே கல்லூரி மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பையில் மின் அதிர்ச்சி தரும் ஒரு ஸ்டன் கன் இருக்கட்டுமே என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. சட்டம் அதற்கு இடம் தருகிறதா?

கருவி எது என்பதைப் பொறுத்தது. டேசர் என்பது, கம்பியோடு இணைந்த இரண்டு ஊசிகளைத் தள்ளி நிற்பவர் மீது பாய்ச்சித் தசைகளைச் சில நொடிகள் முடக்குவது. 15 அடிக்கு மேல் பாயும் இத்தகைய கருவிகளை 2016 ஜூலையில் வந்த ஆயுத விதிகள் உரிமப் பட்டியலில் சேர்த்தன. உரிமமில்லாமல் வாங்கக் கூடாது.

இணையத்தில் டார்ச் வடிவில் விற்பது வேறு. உடலில் ஒட்டி அழுத்தினால்தான் ஷாக். பட்டியலின் அந்த வரிக்குள் இது வராது. ஆனால் தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த எந்தப் பொருளையும் ஆயுதமாகக் கருதும் அளவுக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறை அகலமானது. விற்பவர் 'லைசென்ஸ் வேண்டாம்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்திருப்பதே குற்றம். அங்கே போகிறவர்கள் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. கொடுமைக்கார முன்னாள் காதலனுக்கு அஞ்சி ஸ்டன் கன் வைத்திருந்த கேட்டானோ என்ற பெண்ணுக்கு எதிரான தீர்ப்பை, 2016 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

வைத்திருப்பதைவிடப் பயன்படுத்துவதில்தான் கவனம் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. ஆபத்து நீடிக்கும்வரை, அதைத் தடுக்கத் தேவையான அளவு திருப்பித் தாக்கலாம். ஓடுகிறவனைத் துரத்திப் போய் ஷாக் கொடுத்தால் வழக்கு உங்கள் மேல் வரும். ஆனால் பாலியல் வன்முறை, அமில வீச்சு போன்ற தாக்குதல்களைத் தடுக்கும்போது, தாக்கியவன் இறந்தாலும்கூட 38-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். 'கேஸ் ஆகிவிடுமோ' என்று அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் கை தயங்கக் கூடாது.

என்னைக் கேட்டால், ஷாக் டார்ச்சைவிட மிளகு ஸ்ப்ரே மேல். டார்ச் வேலை செய்யத் தாக்குகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் வர வேண்டும், பிடுங்கியும் விடலாம். ஸ்ப்ரே சில அடி தள்ளி நின்றே வேலை செய்யும், உரிமமும் தேவையில்லை. அடித்ததும் அங்கே நிற்காமல் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கு ஓடுங்கள், 112-க்கு அழையுங்கள். நடந்ததை உடனே சொன்ன பதிவு இருந்தால், பின்னால் தற்காப்பை நிரூபிக்கவும் அது கைகொடுக்கும்.